கொம்பில்லா மானில் எதை எடுப்பது? தாயையா, இளசையா, குட்டியையா?

செல்வா_மேடிசன்:
வணக்கம். போன நவம்பர், மான் வேட்டையில் துப்பாக்கி சீசனின் முதல் நாள். தென்மேற்கு விஸ்கான்சினில் நண்பர் ஒருவரின் 80 ஏக்கர் பண்ணை. அறுத்துப் போட்ட மக்காச்சோளக் கொல்லை ஓரமாகத் தனியாக வந்த ஒரு மானைச் சுட்டேன். 90 கஜ தூரம். ஸ்கோப்பில் கொம்பு தெரியவில்லை, பெண்மான் என்றே எண்ணினேன். கிட்டப் போய்த் தலையைத் தடவியபோது காதுகளுக்கு முன்னால், தோலுக்கு அடியில், இரண்டு முண்டுகள் விரலில் தட்டுப்பட்டன. ஐந்தாறு மாத ஆண்குட்டி. இங்கே எல்லாரும் பட்டன் பக் என்பார்களே, அது.

சட்டப்படி தப்பில்லை. இரண்டு கொம்பும் 3 அங்குலத்துக்குக் குறைவாக இருந்தால் இங்கே கொம்பில்லா மான் டேக்கில்தான் (ஒரு மானைச் சுடத் தரும் அனுமதிச் சீட்டு) சேரும். ஆனால் குடலெடுத்த பிறகு ஒற்றைக் கையால் இழுத்து வரும் அளவுக்கு இலேசாக இருந்தது. அந்த இலேசுதான் இன்னும் உறுத்துகிறது.

இந்த வருடம் இரண்டு டேக் வைத்திருக்கிறேன். கேமராவில் ஒரு பெரிய பெண்மான், அதன் இரண்டு குட்டிகள், கூடவே ஒன்றரை வயது மதிக்கத்தக்க இளம் பெண்மான் ஒன்று என்று நான்கும் சேர்ந்தே வருகின்றன. எதை எடுப்பது?

கொங்கு_வேட்டைக்காரன்:
தம்பி, பெரிய பெண்மானை எடுங்க. இதுல யோசிக்கவே ஒண்ணுமில்ல.

வெண்வால் மான் பெரும்பாலும் மே கடைசி, ஜூன்ல குட்டி போடுது. நவம்பர்ல அந்தக் குட்டிக எல்லாம் பால் மறந்து, தானே மேய்ஞ்சு, அசை போட்டுட்டுத் திரியுது. தாய் போனாலும் பொழைச்சுக்கும். நல்ல மேய்ச்சல் இருக்கிற இடத்துல வளர்ந்த பெண்மான் பெரும்பாலும் ரெட்டைக்குட்டிதான். இன்னைக்கு அதை விட்டீங்கன்னா அடுத்த ஜூன்ல இன்னும் ரெண்டு. மானைக் குறைக்கத்தானே இந்த டேக்கையே குடுக்கறாங்க?

1996ல இருந்து 2011 வரைக்கும் விஸ்கான்சின்ல சில பகுதிகள்ல ஒரு சட்டம் இருந்துச்சு. முதல்ல ஒரு கொம்பில்லா மானைப் பதிஞ்சாத்தான் கொம்பு மானைத் தொடலாம். பல பேருக்கு அது பிடிக்கல, கடைசியில எடுத்துட்டாங்க. பெண்மானைச் சுடறது பாவம்ங்கற நெனப்பு இந்த ஊர்க்காரங்களுக்கே அவ்வளவு ஆழமா இருக்கு. ஆனா மேய்ச்சலுக்கு மேல மான் பெருகினா அதைவிடப் பெரிய பாவம் எதுவுமில்ல.

வன்னி_வடக்கு:
அண்ணை, நான் இதுக்கு உடன்படமாட்டன்.

நான் இருக்கிறது ஒண்டாரியோவில. லோரிங் பக்கம் பனிக்காலத்தில போய்ப் பாருங்கோ. பனி முழங்கால் தாண்டினால் மானெல்லாம் சீடர், ஹெம்லாக் மரங்களுக்குக் கீழ வந்து ஒடுங்குங்கள். அந்த இடத்துக்குப் போற வழி வயசான பெட்டைக்குத்தான் தெரியும். குட்டி தாய்க்குப் பின்னால வந்துதான் படிக்கும். மார்ச் மாதம் சாகிறதுகளில முதல் சாகிறதும் குட்டிதான், உடம்பில கொழுப்புக் காணாது. எப்பிடியும் பாதி போகப்போற குட்டியை எடுத்திட்டு, பனியைத் தாண்டிக் காட்டின தாயை விடுறதுதான் சரி.

இன்னொண்டு. ஒக்டோபர் முதல் கிழமை, வில் சீசனில ஒருத்தர் விழுத்தின பெட்டையை உரிக்க நானும் போனனான். மடியில கத்தி பட்டவுடன பால் வழிஞ்சுது. பக்கத்துப் புதருக்குள்ள இருந்து குட்டி எங்களையே பாத்துக்கொண்டு நிண்டது. அதுக்குப் பிறகு குட்டியோட நிக்கிற தாயை நான் தொட்டதில்லை.

கொங்கு_வேட்டைக்காரன்:
அக்டோபர் முதல் வாரம் வேற, நவம்பர் கடைசி வேற. மடியில பால் இருக்கறப்போ நானும் சுடமாட்டேன்.

ஆனா உங்க லோரிங்கும் செல்வா தம்பியோட பண்ணையும் ஒண்ணில்ல. இங்க மக்காச்சோளம், அல்ஃபால்ஃபா, ஓக் கொட்டைன்னு மான் கொழுத்துக் கிடக்குது. நான் பார்த்த வரைக்கும் பனியில செத்ததைவிட ரோட்டுல அடிபட்டுச் செத்ததுதான் அதிகம்.

அதோட நோய் இருக்கு. மூளையைத் தின்னு மானை எலும்பாக்கற சிடபிள்யூடி. 2002ல மேடிசனுக்கு மேற்கே மவுண்ட் ஹோரெப் பக்கத்துலதான் விஸ்கான்சின்ல முதமுதல்ல கண்டாங்க. இப்போ அந்தச் சுத்துவட்டாரம் பூரா வேரூன்றிப் போச்சு. அந்தக் கிருமி மண்ணுல வருஷக்கணக்கா கிடக்கும். ஆயி, மக, பேத்தின்னு பெண்மான் கூட்டம் ஒரே இடத்துல மேயறதால ஒண்ணுக்கு வந்தா மத்ததுக்கும் வர வாய்ப்பு கூடுதல். கூட்டத்தைக் குறைக்காம விட்டா யாருக்கு நல்லது?

கண்மணி_பென்சில்வேனியா:
இரண்டு பேரும் தாயா குட்டியா என்று பேசுகிறீர்கள். செல்வா கேட்டதன் பாதி அதுவல்ல. அவர் கண்ணுக்குத் தெரியாமல் ஒரு ஆண்குட்டியைச் சுட்டிருக்கிறார். எங்கள் மாநிலத்தில் கொம்பில்லா மான் என்று எடுப்பதில் ஏறக்குறைய ஐந்தில் ஒன்று பட்டன் பக்தான். அதனால் முதலில் பார்க்கப் பழகவேண்டும்.

தனியாக, கூச்சமில்லாமல், முதலாவதாக வெட்டவெளிக்கு வரும் கொம்பில்லா மானைச் சந்தேகப்படுங்கள். ஆண்குட்டி அப்படித்தான் வரும். தனியாக நிற்கும்போது அளவு தெரியாது. இரண்டு மூன்று சேர்ந்து நிற்கும்போதுதான் தெரியும். வளர்ந்த பெண்மானுக்கு மூஞ்சி நீளம், கழுத்து நீளம், உடம்பு நீள்சதுரம். குட்டிக்கு மூஞ்சி கட்டை, உடம்பு பெட்டி மாதிரி. ஸ்கோப்பில் பார்க்காதீர்கள், பைனாகுலரில் பாருங்கள். துப்பாக்கியைத் தோளில் வைத்துவிட்டால் கண் தனக்கு வேண்டியதைத்தான் பார்க்கும்.

காட்டைப் பற்றியும் ஒன்று சொல்லவேண்டும். இங்கே மலைக்காடுகளில் வேலி போட்டு மானைத் தடுத்த துண்டுகள் உண்டு. வேலிக்குள்ளே ஓக், மேப்பிள் கன்றுகள் இடுப்பளவு. வெளியே கால் வைத்தால் பெரணி, பெரணி, பெரணிதான். மான் அதைத் தின்னாது, மற்றதையெல்லாம் தின்றுவிடும். அதைப் பார்த்த பிறகு வளர்ந்த பெண்மானை எடுக்க எனக்குத் தயக்கமில்லை.

வன்னி_வடக்கு:
அக்கா, பெண்குட்டியின்ர மண்டை உருண்டை, ஆணின்ர மண்டை காதுக்கிடையில தட்டை. 60 கஜத்துக்குள்ள நேர பார்த்தால் தெரியும். குட்டி எடுக்கிறவை எல்லாரும் கண் தெரியாதவை இல்லை.

கண்மணி_பென்சில்வேனியா:
நடுப்பகலில் தெரியும். மான் வருவது விடியலிலும் அந்தியிலும். அந்த வெளிச்சத்தில் மண்டை வடிவத்தை நம்பி நான் விசையை அழுத்தமாட்டேன்.

இன்னொரு விஷயம். தாயை எடுத்தால் ஆண்குட்டிக்கு என்ன ஆகும் என்று வர்ஜீனியாவில் ரேடியோ பட்டை மாட்டிப் பார்த்தார்கள், 1992ல் முடிவு வந்தது. தாயை இழந்தவை பிறந்த இடத்தை விட்டு ஓடவில்லை, பெரும்பாலும் அங்கேயே தங்கின. தாய் இருந்தவைதான் விலகிப் போயின. ஒன்றரை வயதில் மகனைத் துரத்துவது அநேகமாகத் தாய்தான்.

செல்வா_மேடிசன்:
நேற்று முதல் நாள். நடந்ததைச் சொல்கிறேன்.

6:50க்கு அதே கொல்லை ஓரத்தில் ஒன்று தனியாக வந்தது. போன வருடம் போலவே. பைனாகுலரைக் கண்ணிலிருந்து எடுக்கவில்லை. பத்து நிமிடம் பின்னால் எதுவும் வரவில்லை. கட்டை மூஞ்சி. விட்டுவிட்டேன்.

8:20க்கு நான்கும் வந்தன. பெரிய பெண்மான் 70 கஜத்தில் பக்கவாட்டில் நின்றது. கண்மணி அக்கா சொன்ன அத்தனை அடையாளமும் இருந்தன. ஆனால் ஒரு குட்டி அதற்கு நேர் பின்னால் நின்றது, குண்டு ஊடுருவினால் அதன்மேல்தான் படும். காத்திருந்தேன். விலகவே இல்லை. இளம் பெண்மான் மட்டும் தனியே இடப்பக்கம் நகர்ந்து வந்தது. அதை எடுத்தேன். கீழ்த்தாடையைத் திறந்து பார்த்தேன், மூன்றாவது முன்கடைவாய்ப் பல்லில் மூன்று மேடு. ஒன்றரை வயதுதான். தலையைச் சிடபிள்யூடி சோதனைக்குக் கொடுத்திருக்கிறேன், முடிவு வரும்வரை கறி ஃப்ரீசரில்.

கொங்கு_வேட்டைக்காரன்:
குட்டி பின்னால நின்னப்போ சுடாதது ரொம்பச் சரி தம்பி. ரெண்டாவது டேக் பாக்கி இருக்குல்ல? டிசம்பர்ல நாலு நாள் கொம்பில்லா மான் சீசன் வருது. அப்போ பெரியது.

வன்னி_வடக்கு:
அந்தப் பெட்டையை விடுங்கோ. டிசம்பர் எண்டால் இன்னும் கவனம், கொம்பை உதிர்த்த ஆண்மானும் ஒண்டு ரெண்டு நிக்கும். கொம்பு விழுந்த இடத்தில வட்டமாப் புண் இருக்கும், பாருங்கோ.

செல்வா_மேடிசன்:
பரணை ஓக் மரத்துப் பக்கம் மாற்றப் போகிறேன். அங்கிருந்து பார்த்தால் அவை வரிசையாக மேட்டில் ஏறும், பின்னால் எது நிற்கிறது என்று தெரியும். டிசம்பரில் எழுதுகிறேன்.