கேனனெட் ரேஞ்ச்ஃபைண்டரைப் பழுதுபார்ப்பவர் யாராவது தெரியுமா?

வணக்கம். மாமா தன்னுடைய பழைய கேனனெட் கியூஎல்17 ஜி-III ஃபிலிம் கேமராவை எனக்குக் கொடுத்துவிட்டார். 1972இல் வந்த மாடல், 40 மிமீ எஃப்/1.7 லென்ஸ். லைக்கா விலைக்கு நான் எங்கே போவேன், எனக்கு இதுவே தாராளம்.

ஷட்டர் நன்றாக அடிக்கிறது. சிக்கல் ரேஞ்ச்ஃபைண்டரில்தான் (இரண்டு உருவங்களை ஒன்றாகப் பொருத்தி ஃபோகஸ் செய்யும் அமைப்பு): நடுவில் உள்ள கட்டம் மங்கிக் கிடக்கிறது, இரண்டு உருவங்களும் மேலும் கீழுமாக விலகி நிற்கின்றன. பின்மூடியில் வெளிச்சம் புகாமல் தடுக்கும் ஸ்பாஞ்சு பிசுபிசுவென்று உருகிவிட்டது. லென்ஸுக்குள் லேசாகப் பூஞ்சை வேறு. நம்ம சிங்கப்பூர் ஈரப்பதத்துக்குக் கேட்கவா வேண்டும்! ஸ்பாஞ்சை நானே மாற்றிக்கொள்வேன். மற்ற இரண்டையும் பெனின்சுலா ஷாப்பிங் சென்டர் பக்கமோ வேறு எங்காவதோ நம்பிக் கொடுக்கலாமா? எவ்வளவு கேட்பார்கள்?

அப்புறம் பேட்டரி. இதற்கான 1.35 வோல்ட் பாதரச பேட்டரி இப்போது விற்பனையில் இல்லை. 1.5 வோல்ட் அல்கலைன் போட்டால் வெளிச்சத்தை அளக்கும் மீட்டர் தவறாகக் காட்டும். காது கேட்கும் கருவியின் 675 பேட்டரி 1.4 வோல்ட், அதை வளையம் வைத்துப் பொருத்தியவர்கள் உண்டா? எத்தனை நாள் தாங்குகிறது?

பகலில் மீட்டர் இல்லாமலே சமாளிப்பேன். தீபாவளிக்கு லிட்டில் இந்தியா விளக்குகளை எடுக்க ஆசை, அதற்குள் சரிசெய்தாக வேண்டும். தெரிந்தவர்கள் சொல்லுங்களேன்.