பொருள்: ‘இம்ப்யூட்டேஷன்’ – எண்ணுதலா, ஏற்றுதலா, வரவு வைத்தலா?

எழுத்தாணி:
குழுவினர்க்கு வணக்கம். இறையியல் மாணவர் பாடத்துக்காக, லூத்தரன் சபைகளின் அடிப்படை விசுவாச அறிக்கையான ஆக்ஸ்பர்க் அறிக்கையின் 28 பிரிவுகளும் தமிழாகின்றன. வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போக வேண்டும். 27 முடிந்துவிட்டன. 4ஆம் பிரிவின் கடைசி வாக்கியம்தான் நகர மறுக்கிறது. விசுவாசிப்பவரைத் தேவன் நீதிமானாகக் கணக்கில் கொள்வதைச் சொல்லும் ‘இம்ப்யூட்டேஷன்’தான் அங்கே சிக்கல்.

1530 ஜூன் 25 அன்று பேரரசர் ஐந்தாம் சார்லஸ் முன் படிக்கப்பட்டது ஜெர்மன் பிரதி. லத்தீன் பிரதியும் கூடவே கையளிக்கப்பட்டது. இரண்டுமே மூலம். லத்தீனில் ‘இம்ப்புட்டாட்’ என்று ஒரே வினை. ஜெர்மனிலோ ‘ஹால்டன்’, ‘ட்சூரெஷ்னென்’ என்று இரண்டு: ஒன்றாகக் கொள்ளுதல், கணக்கில் சேர்த்தல். “இந்த விசுவாசத்தைத் தேவன் தமக்குமுன் நீதியாக …” என்ற இடத்துக்கு வினை வேண்டும். பெயர்ச்சொல்லாகவும் அது நிற்க வேண்டும். லூத்தரன்களின் இன்னொரு விசுவாச ஆவணமான, 1577ஆம் ஆண்டின் ஒருமைப்பாட்டு வாய்பாட்டில் 3ஆம் பிரிவு முழுக்க அதே பேச்சு.

இன்னொன்று: நீதிமன்றத் தீர்ப்புப்போல நடப்பது என்ற பொருளில் இங்கே வரும் ‘ஃபாரன்சிக்’ என்பதற்கு அகராதி தரும் ‘தடயவியல்’ வேண்டவே வேண்டாம். மாணவர்கள் கைரேகை தேடக் கிளம்பிவிடுவார்கள். ‘தீர்ப்புநிலை’ என்று வைத்திருக்கிறேன்.

தரங்கைவாசி:
ஐயா, புதுச்சொல் எதற்கு? பவுல் ரோமருக்கு எழுதிய நிருபத்தின் 4ஆம் அதிகாரத்தில் மட்டும், இந்தப் பேச்சுக்கு மூலமான ‘லோகிசோமை’ என்ற கிரேக்க வினை 11 முறை வருகிறது. பழைய மொழிபெயர்ப்பில் ‘எண்ணு’ என்று இருக்கிறது: “அது அவனுக்கு நீதியாக எண்ணப்பட்டது.” சபையில் காதுக்குப் பழகிய சொல். ‘எண்ணப்படுதல்’ என்று போட்டு அச்சுக்கு அனுப்புங்கள்.

கணக்கப்பிள்ளை:
காதுக்குப் பழகியதுதான் சிக்கலே. இன்றைக்கு “அவனை நல்லவன் என்று எண்ணினேன்” என்றால் அடுத்த வாக்கியம் “ஏமாந்துபோனேன்” என்றுதான் வரும். எண்ணம் என்பது மனத்துக்குள் நடப்பது. இங்கே நடப்பது தீர்ப்பு. சொன்ன மாத்திரத்தில் நிலைமையே மாறுகிறது. ‘வரவு வைத்தல்’ என்று சொல்லுங்கள். வங்கிக் குறுஞ்செய்தி படிக்கிற எவருக்கும் புரியும்: பணம் போட்டவர் வேறு, கணக்கு என்னுடையது. “அயலார் நீதி” என்று லூத்தர் சொன்னதும் அதுதானே? 4:4இல் கூலி, கடன் என்றெல்லாம் பவுலே கணக்குப் பேச்சுத்தான் பேசுகிறார்.

தரங்கைவாசி:
நான்கு வசனம் தள்ளிப் படியுங்கள். “எவனுடைய பாவத்தைக் கர்த்தர் எண்ணாதிருக்கிறாரோ, அவன் பாக்கியவான்.” பாவத்தை வரவு வைக்காதிருக்கிறார் என்பீர்களா? பாவம் பற்றுப் பக்கம் அல்லவா எழுதப்படும்? நீதிக்கு ஒரு சொல், பாவத்துக்கு ஒரு சொல் என்று பிரித்தால், ஒன்றை எண்ணாமல் விடுவதும் மற்றதை எண்ணுவதும் ஒரே தீர்ப்பின் இரு முகம் என்ற வாதமே அறுந்துவிடும். பிலேமோன் 18இலும் “என் கணக்கிலே வைத்துக்கொள்ளும்” என்று பவுல் கேட்பது கடனை, வரவை அல்ல.

சொல்லேர்:
‘நீதி’யே வடசொல் என்பதை ஒருவரும் கவனிக்கவில்லை. ‘நீதிமான்’ என்பதில் பகுதி, விகுதி இரண்டும் இரவல். “முறைசெய்து காப்பாற்றும் மன்னவன்” என்கிறாரே வள்ளுவர், அந்த ‘முறை’ இருக்க இது ஏன்? அடுத்து, வினைக்கு நம் அணியிலக்கணத்திலேயே சொல் உண்டு: தற்குறிப்பேற்றம். ஒரு பொருளில் இல்லாததை அதன்மேல் ஏற்றிச் சொல்வது. ஆக, ‘முறையேற்றம்’. கசந்தால் ‘நீதியேற்றம்’.

‘எண்’ணை விடமாட்டேன் என்பவர்களுக்கு ஒரு குறிப்பு: எள்ளை ஒவ்வொன்றாகப் பிரித்துக் கணக்கிட்டதால்தான் எண். எண்ணெய் என்பதிலேயே எள் எண்ணாவதைக் காணலாம்.

ஏகாரம்:
எண்ணெய் வெறும் புணர்ச்சி. எள் முன் நெய் வந்தது, ளகரமும் நகரமும் ணகரமாயின. அந்த விதிப்படி ‘முள்’ முன் நெய் வந்தாலும் ‘முண்ணெய்’தான், அதனால் ‘முண்’ என்றொரு வேர் முளைத்துவிடுமா? “எண்ணென்ப ஏனை எழுத்தென்ப” என்ற குறளில் எண் கணக்கு. “எண்ணித் துணிக” என்ற குறளில் ஆராய்தல். கிரேக்க வினைக்கும் கணக்கிடல், கருதல் என்று இதே இரட்டைப் பொருள். இவ்வளவு பொருத்தமாக அமைந்த சொல்லை எள்ளில் போட்டு ஆட்டாதீர்கள்.

‘ஏற்றம்’ ஆபத்தானது. மதுரை மதில் கொடிகள் “வாரல்” என்று கை காட்டியதாக இளங்கோ பாடுகிறார். கொடி உண்மையில் தடுக்கவில்லை, காற்றில் ஆடியது. தற்குறிப்பேற்றத்தின் அழகே அது பொய் என்று நமக்குத் தெரிந்திருப்பதில் இருக்கிறது. லூத்தரன் கோட்பாட்டை மறுப்பவர்கள் சொல்வதும் அதைத்தானே? இல்லாத நீதியை இருப்பதாகப் பாவிக்கிற சட்டக் கற்பனை என்று. எதிர்த்தரப்பின் குற்றச்சாட்டையே நாம் கலைச்சொல்லாக்கித் தருவதா?

எழுத்தாணி:
எனக்கு அதற்கு நேர்மாறான அச்சம். வண்டியில் மூட்டை ஏற்றுவதுபோல நீதி ஆளுக்குள் ஏற்றப்படுகிறது என்று மாணவர் படித்தால்? அது ஊட்டப்படும் நீதி ஆகிவிடும். 1547 ஜனவரி 13 அன்று கத்தோலிக்கரின் திரெந்து சங்கம் தன் 11ஆம் விதியில், கிறிஸ்துவின் நீதி எண்ணப்படுவதால் மட்டுமே, உள்ளத்தில் பொழியப்படும் அன்பின்றி, மனிதர் நீதிமான்களாகிறார்கள் என்பதைத்தான் கண்டித்தது. லூத்தரன் வட்டத்துக்குள்ளேயே ஒசியாண்டர், கிறிஸ்துவின் தெய்வ இயல்பு உள்ளே குடியிருப்பதே நம் நீதி என்றார். வாய்பாட்டின் 3ஆம் பிரிவு அவரை மறுக்க எழுந்ததுதான். கிறிஸ்து மனித இயல்பின்படி மட்டுமே நம் நீதி என்ற ஸ்தங்காரோவையும் அது சேர்த்தே தள்ளுகிறது.

அப்படியானால் ‘நீதிமானாக்கப்படுதல்’ என்ற பழைய சொல்லும் அடி வாங்குகிறதே? ‘ஆக்கு’ என்றால் உண்டாக்கு. ‘நீதிமானெனத் தீர்க்கப்படுதல்’ என்று அதையும் மாற்றிவிடலாமா?

ஏகாரம்:
மாற்ற வேண்டாம். தமிழில் ‘ஆக்கு’ செய்து முடிப்பதை மட்டும் சொல்வதில்லை. “என்னைத் திருடனாக்கப் பார்க்கிறாயா?” என்பவருக்கு யாரும் களவு கற்றுக்கொடுக்கவில்லை, திருடன் என்று முத்திரை குத்துகிறார்கள். நீதிமொழிகள் 17:15 பாருங்கள்: “துன்மார்க்கனை நீதிமானாக்குகிறவனும், நீதிமானைக் குற்றவாளியாக்குகிறவனும்” கர்த்தருக்கு அருவருப்பானவர்கள். கெட்டவனைத் திருத்தி நல்லவனாக்கினால் அது ஏன் அருவருப்பு? அங்கே ‘ஆக்கு’ தீர்ப்புச் சொல்.

தவிர, ஆக்ஸ்பர்க் அறிக்கையை எழுதிய மெலாங்டனே அதற்கு 1531இல் எழுதிய விளக்கவுரை, அநீதரை நீதராக்குவது, நீதர் என்று அறிவிப்பது ஆகிய இரு வகையிலும் வேதம் பேசுகிறது என்றே சொல்கிறது. அந்த நெகிழ்வை நாம் ஏன் அடைக்க வேண்டும்?

கணக்கப்பிள்ளை:
அப்போது கத்தோலிக்கரும் புராட்டஸ்டண்டுகளும் சேர்ந்து செய்த திருவிவிலியத்தின் ‘ஏற்புடையவர்’? 1999இல் ஆக்ஸ்பர்க்கிலேயே கத்தோலிக்கரும் லூத்தரன்களும் நீதிமானாக்கப்படுதல் பற்றிய கூட்டு அறிக்கையில் கையெழுத்திட்ட பிறகும் சண்டை எதற்கு?

தரங்கைவாசி:
‘ஏற்புடையவர்’ பொருத்தமானவர் என்று படிக்கப்படும். தகுதி பார்த்து ஏற்றதுபோல. 4:5 பேசுவது பாவியை நீதிமானாக்குகிறவரைப் பற்றி. பாவிக்கு என்ன ஏற்புடைமை? ஒரே வேளையில் நீதிமானும் பாவியும் என்ற லூத்தரின் வாசகத்தில் இதைப் பொருத்திப் பாருங்கள், ‘ஏற்புடையவனும் பாவியும்’ என்றால் அதில் முரணே இல்லை. முரண் போனால் பாடமும் போச்சு.

எழுத்தாணி:
போதும், அச்சகம் கேட்கிறது. இப்படிப் போகிறேன். வினை ‘எண்ணு’. பெயர் ‘நீதியாக எண்ணப்படுதல்’. ஜெர்மன் பிரதியின் இரட்டை வினைக்கு “நீதியாகக் கொண்டு, அவர்கள் கணக்கில் எண்ணுவார்”. கணக்கப்பிள்ளைக்கு ‘கணக்கில்’ கிடைத்துவிட்டது. எண்ணுதல் இங்கே நினைப்பல்ல, தீர்ப்பு என்று முதல் இடத்தில் மட்டும் ஓர் அடிக்குறிப்பு. ஆதரவு மூன்று, எதிர்ப்பு ஒன்று.

சொல்லேர்:
அந்த ஒன்று நான். ‘நீதியாக எண்ணப்படுதல்’ சொல்லே அல்ல, தொடர். பொருளடைவில் எதன்கீழ் வைப்பீர்கள், ‘நீ’யிலா, ‘எ’யிலா? ‘முறையேற்றம்’ நான்கெழுத்துக் கூடுதலாக இருந்தாலும் ஒரே சொல்.

ஏகாரம்:
எண்ணிப் பாருங்கள், குறைவுதான். பொருளடைவில் இரண்டு இடத்திலும் வைக்கலாம்.

அச்சுக்கு முன் ஒன்று. 4:5இல் “அவனுடைய விசுவாசமே அவனுக்கு நீதியாக எண்ணப்படும்” என்பதில் உள்ள ஏகாரம் தேற்றமா (உறுதிப்படுத்துவது), பிரிநிலையா (மற்றவற்றிலிருந்து பிரித்துக் காட்டுவது)? ரோமர் 3:28இல் ‘விசுவாசத்தினாலே’ என்பதோடு ‘மட்டும்’ என்ற சொல்லை லூத்தர் 1522இல் தம் ஜெர்மன் மொழிபெயர்ப்பில் நுழைத்தார். ஜெர்மன் வழக்கே அதைக் கேட்கிறது என்று 1530இல் மொழிபெயர்ப்பு பற்றிய கடிதத்தில் வாதிட்டார். நம் ஏகாரம் பிரிநிலை என்றால் அந்த ‘மட்டும்’ ஒற்றை எழுத்தில் ஏற்கெனவே உள்ளே இருக்கிறது. தொல்காப்பியர் ஐந்து ஏகாரம் சொல்கிறார், நன்னூலார் இசைநிறையும் சேர்த்து ஆறு.

எழுத்தாணி:
ஐயா, தயவுசெய்து வேறு இழையில்.

சொல்லேர்:
தேற்றம்தான்.