நிரற்கூறு: ஏற்றலா, இறக்குமதியா, கொணர்தலா?

பாலக்கோட்டிலிருந்து

எல்லோருக்கும் வணக்கம். சி மொழியில் எழுதிய நிரலுக்குள் பைத்தான் மொழியை உட்பொதிப்பது பற்றித் தமிழில் ஒரு சிறு கையேடு எழுதிக்கொண்டிருக்கிறேன். மூன்றாம் அத்தியாயத்தின் தலைப்பிலேயே நின்றுவிட்டேன். சி நிரல் ஓடிக்கொண்டிருக்கும்போது ஒரு பைத்தான் கோப்பை உள்ளே கொண்டுவந்து, அதிலுள்ள செயற்கூற்றை (ஃபங்ஷன்) அழைப்பதுதான் பாடம். ஆங்கிலத்தில் "லோடிங் மாட்யூல்ஸ் ஃப்ரம் நேட்டிவ் கோடு" என்பதை "பொறிநிரலிலிருந்து நிரற்கூறுகளை ஏற்றுதல்" என்று வைத்தேன். அறைத்தோழன் படித்துவிட்டு, "பொறிநிரலுக்குள்ள இருக்கிறதை வெளியே எடுக்கிறதா?" என்று கேட்டான். நான் சொல்ல வந்தது அதற்கு நேர் எதிர்.

இன்னொரு சிக்கலும் உண்டு. இரண்டாம் அத்தியாயத்தில் ஒரு நிரற்கூற்றை உள்ளே வரவழைக்கும் பைத்தானின் இம்போர்ட்டை "இறக்குமதி" என்று எழுதியிருக்கிறேன். அதே வேலையை சி பக்கத்திலிருந்து செய்யும்போது "ஏற்றுதல்" என்கிறேன். வேலை ஒன்று, சொல் இரண்டு, அதிலும் ஒன்று ஏற்றம், ஒன்று இறக்கம். பெரியவர்கள் வழி சொல்ல வேண்டும்.

ஊத்தங்கரையிலிருந்து

தம்பி, நல்ல கேள்வி. எனக்கு நிரல் தெரியாது, தமிழ் கொஞ்சம் தெரியும். முப்பது வருடம் பள்ளியில் பாடம் நடத்திய பழக்கத்தில் சொல்கிறேன். இறக்குமதி துறைமுகத்துச் சொல். கடலே இல்லாத மாவட்டத்தில் உட்கார்ந்துகொண்டு அதை ஏன் கட்டி அழ வேண்டும்? "உள்வாங்கல்" என்று வைத்துப் பாருங்கள்.

ஓசூரிலிருந்து

லோடு என்றே எழுதிவிடலாமே. கம்பெனியில் அதைத்தான் சொல்கிறோம், எல்லோருக்கும் புரிகிறது. நேட்டிவ் கோடுக்கு மட்டும் "நாட்டு நிரல்" என்று போடுங்கள், நாட்டுக்கோழி மாதிரி விலை கூடும்.

கிருஷ்ணகிரியிலிருந்து

ஐயாவுக்கும் நண்பர்களுக்கும் வணக்கம். மாங்காய் சீசன் முடிந்துவிட்டது, கையில் நேரம் இருக்கிறது. மடல் நீளும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

இங்கே ஒரு மாங்கூழ் ஆலையின் எடைமேடைக்கு நான்தான் நிரல் எழுதிக் கொடுத்தேன். தராசிலிருந்து எடையை வாசிக்கும் பகுதி சி. எத்தனை விழுக்காடு கழிவு பிடிப்பது, சீட்டில் என்ன அச்சாக வேண்டும் என்பதெல்லாம் பைத்தான். கழிவுக் கணக்கு அடிக்கடி மாறும், ஒவ்வொரு தடவையும் சி நிரலைத் திரும்பத் தொகுத்துக்கொண்டிருக்க (கம்பைல்) என்னால் முடியாது. ஆகவே தம்பியின் மூன்றாம் அத்தியாயத்தில் நான் இரண்டு சீசனாகக் குடியிருக்கிறேன்.

ஆலை வாசலில் ஏத்துக்கூலி வேறு, இறக்குகூலி வேறு. யாரும் குழம்புவதில்லை. சரக்கு லாரி மேலே போனால் ஏற்றம், கீழே வந்தால் இறக்கம். நிரலில் எது லாரி, எது தரை? வட்டிலிருந்து நினைவகத்துக்கு வருவதை ஏற்றம் என்று பார்ப்பவர் ஏற்றல் என்கிறார், அயல் சரக்கு நம் நிரலுக்கு வருகிறது என்று பார்ப்பவர் இறக்குமதி என்கிறார். இரண்டு பேரும் பொய் சொல்லவில்லை. ஆனால் வாசிப்பவர் தலை சுற்றும். அதனால் மேல், கீழ் என்ற திசையே இல்லாத சொல்லாகத் தேட வேண்டும் என்பது என் கட்சி.

சொல்லுக்கு முன்னால் வேலையைப் பார்த்துவிடுவோம். சி பக்கத்தில் நாம் அழைப்பது பைஇம்போர்ட்_இம்போர்ட்மாட்யூல் என்ற செயற்கூறு. கொடுப்பது ஒரு பெயர் மட்டும். பைத்தான் முதலில் தன் பதிவேட்டைப் பார்க்கிறது. சிஸ்.மாட்யூல்ஸ் என்ற அகராதிதான் அந்தப் பதிவேடு. பெயர் அங்கே இருந்தால் அந்தக் கூற்றையே எடுத்துக் கையில் கொடுத்துவிடும், வட்டுப் பக்கம் திரும்பிக்கூடப் பார்க்காது. இல்லாவிட்டால்தான் தேடப் புறப்படுகிறது. கண்டுபிடித்ததும் வெறுமையான ஒரு கூற்றை உருவாக்கி, பதிவேட்டில் பெயரை எழுதிவிட்டு, அதன் பிறகே கோப்பை மேலிருந்து கீழ்வரை ஓட்டுகிறது. ஓட்டம் நடுவில் பிழையாகி நின்றால் பெயரைப் பதிவேட்டிலிருந்து அடித்துவிடும்.

இதில் ஏற்றல் என்பது எவ்வளவு? ஒரு துண்டு. பைத்தானே உள்ளுக்குள் இந்த வேலையை இரண்டு ஆட்களுக்குப் பிரித்துக் கொடுத்திருக்கிறது: இடத்தைக் கண்டுபிடிப்பவர் ஒருவர், எடுத்து வைப்பவர் ஒருவர். ஃபைண்டர், லோடர். முதலாமவர் தேடி, இரண்டாமவர் ஏற்றி. முழு வேலைக்கும் ஏற்றல் என்று பெயர் வைத்துவிட்டால் இந்த ஏற்றிக்கு என்ன பெயர் வைப்பீர்கள்? ஓசூர் நண்பர் சொல்லும் லோடுக்கும் இதே சங்கடம்தான். அதுபோக, டிஎல்ஓப்பன் என்ற செயற்கூற்றை வைத்து, தொகுத்து வைத்த நிரல் நூலகமான ஒரு .எஸ்ஓ கோப்பைத் திறப்பதும் லோடுதான். பேச்சில் நானும் லோடு என்றுதான் சொல்கிறேன். புத்தகத்தில் ஒரே பக்கத்தில் மூன்று லோடு வந்தால் தாங்காது.

இரண்டாம் தடவை அழைத்தால் எதுவும் ஏறுவதில்லை என்பதையும் கவனியுங்கள். ஆளைக் கூட்டிவா என்று அனுப்புகிறோம். அவர் ஏற்கெனவே நம் திண்ணையில் உட்கார்ந்திருந்தால் யாரும் அவர் ஊருக்குப் பஸ் ஏறுவதில்லை, "இதோ இருக்காரு" என்று கைகாட்டுகிறோம். இம்போர்ட்டும் அப்படித்தான். போய் எடுத்துவந்தாலும் சரி, இருப்பதைக் காட்டினாலும் சரி, கேட்டவன் முன்னால் கொண்டுவந்து நிறுத்துவதுதான் வேலை.

உள்வாங்கல் என்ற சொல்லைப் பற்றி: ஐயா மன்னிக்க வேண்டும். கடல் உள்வாங்குகிறது, கட்டடம் கட்டினால் தரை உள்வாங்குகிறது. கேட்டவுடன் ஏதோ காணாமல் போகிற உணர்வுதான் வருகிறது. உள்ளீடு என்ற சொல் பக்கத்திலேயே இருப்பதும் தொல்லை.

என் முன்மொழிவு கொணர். வினை: கொணர்கிறது, கொணர்ந்தது. பெயர்: கொணர்வு. அந்தச் செயற்கூற்றைக் கொணரி எனலாம். இரண்டு கூறுகள் ஒன்றையொன்று கேட்டுச் சுற்றிச் சுற்றி வந்தால் சுழற்கொணர்வு. "இது செய்யுள் சொல் ஆயிற்றே" என்று யாராவது சொல்வார்கள் என்று தெரியும். "தண்ணி கொண்டா" என்று நம் ஊரில் தினமும் நூறு தடவை சொல்கிறோமே, அந்த வீட்டுப் பிள்ளைதான் இதுவும். கொஞ்சம் வேட்டி கட்டியிருக்கிறது, அவ்வளவுதான். இன்னொரு வசதி, பைத்தானோடு ஒட்டிக்கொள்ளாத சொல் இது. லுவாவில் இம்போர்ட் கிடையாது, ரிக்வயர்தான். ரூபியிலும் அப்படியே. பிரேசிலில் ரியோ டி ஜெனிரோவின் கத்தோலிக்கப் பல்கலைக்கழகத்தில் 1993இல் பிறந்த லுவா, வேறொரு நிரலுக்குள் குடியேறுவதற்கென்றே வளர்ந்த மொழி. தம்பியின் கையேடு நாளைக்கு லுவா பக்கம் நீண்டாலும் கொணர் அங்கேயும் செல்லும், இறக்குமதி செல்லாது.

இப்போது அறைத்தோழனின் கேள்வி. உண்மையில் இந்த இழையில் சிறந்த கேள்வி அவருடையதுதான். "பொறிநிரலிலிருந்து" என்று எழுதினால் தமிழில் அது புறப்பட்ட இடம். ஒகேனக்கல்லிலிருந்து குடிநீர் வருகிறது என்றால் நீர் அங்கே இருந்தது, இங்கே வந்தது. ஆங்கிலத் தலைப்பில் இருந்த "ஃப்ரம்" என்ற அந்தச் சிறு சொல், யார் கேட்கிறார் என்பதைச் சொல்கிறது. நம் "இலிருந்து" பொருள் எங்கே கிடந்தது என்பதைச் சொல்கிறது. அறைத்தோழன் தமிழைச் சரியாகத்தான் படித்திருக்கிறார். பிளஸ் டூ கணினி அறிவியல் புத்தகத்தில் பைத்தானை வைத்து சி பிளஸ் பிளஸ் நிரலை ஓட்டும் பாடம் ஒன்று உண்டு. அதைப் படித்துவிட்டு வரும் பிள்ளைகளுக்கு நம் தலைப்பு அதே பாடம் போலத் தோன்றிவிடும். திசை நேர் எதிர் என்பது தலைப்பிலேயே தெரிய வேண்டும். "பொறிநிரல்வழி" என்று போடலாம்.

அப்போது "இலிருந்து" வேலையில்லாமல் போகாது. அதை அதற்கு உரிய இடத்தில் வைக்கலாம்: எந்தக் கோப்புறையிலிருந்து கொணர்வது? கையேட்டில் இதைப் பெரிய எழுத்தில் போடுங்கள் தம்பி. பைத்தானைத் தனியாக ஓட்டும்போது, ஓடும் கோப்பு இருக்கும் கோப்புறை தேடல் பட்டியலில் தானாகச் சேர்ந்துவிடும். சி நிரலுக்குள்ளிருந்து வெறுமனே பை_இனிஷியலைஸ் சொல்லித் தொடங்கினால் சேராது. கோப்பு கண்ணெதிரே கிடக்கும், பைத்தான் இல்லை என்று சாதிக்கும். திரும்பி வந்தது எதையும் காட்டாத வெறுஞ்சுட்டியா (நல் பாயிண்டர்) என்று பார்க்காமல் அடுத்த வரிக்குப் போனால் நிரலே சுருண்டு விழும். நான் ஒரு பகல் முழுக்கக் கோப்பின் பெயரில் எழுத்துப்பிழை தேடிக்கொண்டிருந்தேன். கோப்புறையை சிஸ்.பாத் என்ற அந்தத் தேடல் பட்டியலில் சேர்த்ததும் வேலை முடிந்தது.

நாட்டு நிரல்: சிரித்தேன். ஆனால் வேண்டாம். நாட்டு மாடு, நாட்டுத் தக்காளி என்றால் நம் மண்ணின் ரகம். இங்கே சொல்லப்படுவது அந்தப் பொறி நேராகப் புரிந்துகொள்ளும் மொழி. பொறிநிரல் போதும். ஆசைப்பட்டுக் கைவிட்ட சொல் என்னிடமும் ஒன்று உண்டு. உட்பொதித்தலுக்கு "ஒட்டு" என்று வைக்க நினைத்தேன். சந்தூரில் மாங்கன்று ஒட்டுக்கட்டுவதைப் பார்த்தவர்களுக்கு உடனே புரியும்: வேர் ஒன்று, கிளை வேறு, மரம் ஒன்று. என்ன செய்வது, வெட்டு, ஒட்டு (கட், பேஸ்ட்) என்று அந்தச் சொல்லை ஏற்கெனவே பட்டா போட்டுவிட்டார்கள்.

கடைசியாக, கேட்காத ஒரு சொல். கொணரி நமக்குத் திருப்பித் தருவதை என்னவென்று எழுதப்போகிறீர்கள்? ரெஃபரன்ஸ் என்பதற்கு "மேற்கோள்" என்று எழுதிவிடாதீர்கள், கும்பிட்டுக் கேட்கிறேன். நான் பிடி என்கிறேன். பைத்தானில் ஒவ்வொரு பொருளையும் எத்தனை பேர் பிடித்திருக்கிறார்கள் என்று ஒரு கணக்கு உண்டு. பிடி கூடினால் ஒன்று கூடும், விட்டால் ஒன்று குறையும், பூச்சியமானால் பொருள் போய்விடும். சி பக்கத்தில் இந்தக் கணக்கை நாமே கையால் பார்க்க வேண்டும். இம்போர்ட்மாட்யூல் தருவது சொந்தப் பிடி, வேலை முடிந்ததும் நாம்தான் விட வேண்டும். பைஇம்போர்ட்_ஆட்மாட்யூல் என்ற இன்னொரு செயற்கூறு தருவது இரவல் பிடி. இரவல் நகையை அடகு வைக்கக் கூடாது, அதுபோல அதை விடவும் கூடாது. 3.13ஆம் பதிப்பில் ஆட்மாட்யூலுக்குச் சொந்தப் பிடி தரும் துணை ஒன்றையும் சேர்த்துவிட்டார்கள், இரவலால் பட்ட பாடு போதும் என்றுதான் நினைக்கிறேன்.

இந்தச் சொல் எனக்குத் தோன்றியது ஒரு தப்பிலிருந்து. சீசன் நடுவில் கழிவு விழுக்காட்டை மாற்றச் சொன்னார்கள். பைத்தான் கோப்பைத் திருத்தினேன். எடைமேடை நிரலை நிறுத்தினால் வரிசையில் நிற்கும் லாரிக்காரர்கள் சத்தம் போடுவார்கள் என்று, ஓட்டத்திலேயே ரீலோடு கொடுத்தேன். பிழை எதுவும் வரவில்லை. சீட்டில் மட்டும் பழைய கழிவே அச்சாகிக்கொண்டிருந்தது. நாலைந்து வண்டி போன பிறகுதான் ஒரு டிரைவர் சீட்டை நீட்டிக் கேட்டார். நடந்தது இதுதான்: ரீலோடு கூற்றைத் திரும்ப ஓட்டியது, கூற்றுக்குள் புதிய செயற்கூறு வந்துவிட்டது. ஆனால் சி பக்கம் நான் தொடக்கத்திலேயே பழைய செயற்கூற்றைப் பிடித்து வைத்திருந்தேன். பிடித்தவன் விடாதவரை அது சாகாது. விழுக்காட்டையும் அதன் உடம்புக்குள்ளேயே எண்ணாக எழுதியிருந்தேன், கூற்றின் பொது மாறியாக வைத்திருந்தால்கூடப் பழைய செயற்கூறு புதிய மதிப்பைப் பார்த்திருக்கும். சீட்டுகளைத் திருத்திக் கொடுத்துவிட்டு, ரீலோடுக்குப் பின் பிடியைப் புதுப்பிக்கும் ஒரு வரியைச் சேர்த்தேன். "பழைய பிடியை விட்டுவிட்டுப் புதிதாகப் பிடி" என்று அந்த வரிக்கு மேல் குறிப்பு எழுதியபோதுதான் சொல் கையில் கிடைத்தது.

ரீலோடையும் மறுகொணர்வு என்று எழுத வேண்டாம். அங்கே புதிதாக எதையும் கொண்டுவந்து நிறுத்துவதில்லை, இருக்கும் கூற்றின் மேலேயே திரும்ப ஓட்டுகிறார்கள். மீளோட்டம் சரியாக இருக்கும்.

ஓசூரிலிருந்து

பிடிக்கு என் ஓட்டு. கொணருக்குப் பாதி ஓட்டு, மீட்டிங்கில் சொன்னால் சிரிப்பார்கள். ஹேண்டிலுக்குக் கைப்பிடி என்று எழுதுகிறார்களே, பிடியோடு இடிக்காதா?

கிருஷ்ணகிரியிலிருந்து

கொஞ்சம் இடிக்கும். கைப்பிடி கதவில் இருப்பது, பிடி கையில் இருப்பது. இரண்டும் ஒரே வரியில் வந்தால் அப்போது பார்த்துக்கொள்வோம். மீட்டிங்கில் லோடு என்றே சொல்லுங்கள், கையேட்டுக்குத்தான் கொணர்.

பாலக்கோட்டிலிருந்து

அண்ணா, ரொம்ப நன்றி. தலைப்பை "பொறிநிரல்வழி கூறு கொணர்தல்" என்று மாற்றிவிட்டேன். அறைத்தோழன் இப்போது ஒழுங்காகப் படித்தான். தேடல் பட்டியல் பற்றிய எச்சரிக்கையை அத்தியாயத்தின் முதல் பக்கத்துக்கே கொண்டுவந்துவிட்டேன். அப்புறம், செயற்கூறு, நிரற்கூறு இரண்டிலும் கூறு வருகிறது. வெறும் "கூறு" என்றால் எது?

ஊத்தங்கரையிலிருந்து

உள்வாங்கலைத் திரும்பப் பெற்றுக்கொண்டேன். வெறும் கூறு என்றால் எங்கள் ஊர்ச் சந்தையில் குவித்து வைத்த தக்காளி. ஆகவே தலைப்பிலாவது நிரற்கூறு என்றே முழுசாக எழுது தம்பி. அப்படி எழுதாமல் கூறு என்றே விடுவதானால் "பொறிநிரல்வழிக் கூறு" என்று க் போட வேண்டும், நீ போடவில்லை.