வெறும் வயிற்றில் 82, இரண்டு மணி நேரத்தில் 168: இது எப்படி?

கேள்வி
எனக்கு 27-வது வாரம். 75 கிராம் குளுக்கோஸ் குடிக்கவைத்துப் பார்த்ததில் வெறும் வயிற்றில் 82, இரண்டு மணி நேரம் கழித்து 168. கர்ப்பகாலச் சர்க்கரையாம். இனிப்பே பிடிக்காத எனக்கு! "நஞ்சுக்கொடி ஹார்மோன்தான் காரணம்" என்று ஒரே வரியில் முடித்துவிட்டு டாக்டர் அடுத்தவரைக் கூப்பிட்டுவிட்டார். நஞ்சுக்கொடி குழந்தைக்குச் சாப்பாடு போகிற வழிதானே? என் சர்க்கரையில் அதற்கு என்ன வேலை?

பதில் 1
உடலியங்கியல் பாடம் எடுப்பவள் நான். நஞ்சுக்கொடி வழி மட்டுமில்லை, பெரிய சுரப்பியும்கூட. லாக்டோஜன் என்ற ஹார்மோனைச் சுரக்கிறது. தனக்கென்று ஒரு வளர்ச்சி ஹார்மோனையும் சுரந்து, அம்மாவின் மூளைக்கு அடியில் இருக்கும் பிட்யூட்டரி சுரப்பி சுரப்பதை மெல்ல ஓரங்கட்டுகிறது. இவற்றோடு புரோஜெஸ்டிரோனும் கார்டிசாலும் சேர்ந்தால், அம்மாவின் தசை இன்சுலின் சொல்வதைச் சரியாகக் கேட்பதில்லை. சாப்பிட்ட பிறகு சர்க்கரை ரத்தத்திலேயே கூடுதல் நேரம் நிற்கும், குழந்தை எடுத்துக்கொள்ளும். அம்மாவுக்குக் கொழுப்பை எரித்துக்கொள்ளும் ஏற்பாடு.

இது எல்லாக் கர்ப்பிணிகளுக்கும் நடப்பதுதான். கடைசி மாதங்களில் இன்சுலினின் பலன் ஏறக்குறைய பாதியாகிவிடும். கணையம் இரண்டு மடங்குக்கு மேல் சுரந்து சமாளிக்கும். அப்படி ஈடுகொடுக்க முடியாதபோதுதான் உங்களுடையது போன்ற எண்கள் வரும். இனிப்பைக் குற்றம் சொல்லாதீர்கள். நஞ்சுக்கொடி வளர வளர ஹார்மோனும் கூடும், அதனால்தான் சோதனையை 24 முதல் 28 வாரத்துக்குள் வைக்கிறார்கள்.

பதில் 2
எனக்குச் சின்ன வயதிலிருந்தே டைப் 1. கணையம் கைவிட்டுவிட்டது, எல்லாம் ஊசிதான். அதனால் மேலே சொன்னதை யூனிட் கணக்கில் பார்த்தவள் நான். கர்ப்பத்துக்கு முன் நாளுக்கு 34 யூனிட். மூன்றாம் மாதம் கொஞ்சம் குறைந்தது. அப்புறம் ஏறத் தொடங்கி 35-வது வாரத்தில் 78! ஏதோ தப்பு செய்கிறோம் என்று அழுதிருக்கிறேன். பிரசவமாகி நஞ்சுக்கொடி வெளியே வந்த அன்று ராத்திரி, முன்கூட்டியே அளவைக் குறைத்திருந்தும் சர்க்கரை 61-க்கு இறங்கிவிட்டது. ஒரு கையில் குழந்தை, மறு கையில் குளுக்கோஸ்.

கேள்வி கேட்டவர்
பயமும் குறைந்தது, சிரிப்பும் வந்தது. எனக்கும் ஊசி போடச் சொன்னால், அது குழந்தைக்குப் போகாதா?

பதில் 1
போகாது. நஞ்சுக்கொடியைச் சர்க்கரை தாண்டும், நீங்கள் போடும் இன்சுலின் தாண்டாது. சர்க்கரை அதிகம் போனால் குழந்தையின் கணையம் கூடுதலாகச் சுரந்து, குழந்தை பருத்துவிடும். கட்டுப்பாடு கேட்பது அதனால்தான். பிரசவத்துக்குப் பின் 6 முதல் 12 வாரத்துக்குள் மறுபடி ஒரு சோதனை உண்டு, குழந்தை வேலையில் அதை மறந்துவிடாதீர்கள்.