பாடபேதமா, கூற்று வேறுபாடா? (மறுமொழி)

அன்புள்ள குழுவினருக்கு வணக்கம். இயேசுவின் வாழ்வைச் சொல்லும் மத்தேயு, மாற்கு, லூக்கா முதலிய நற்செய்தி நூல்கள் ஒரே நிகழ்ச்சியை வேறு வேறாகச் சொல்வதைக் குறிக்க, நம் சொல்லடைவுக்குக் 'கூற்று வேறுபாடு' என்ற சொல்லை முன்மொழிந்திருந்தேன். அதற்கு வந்த கேள்விகளுக்கு மறுமொழி இது.

> ஒரே நிகழ்ச்சியை மத்தேயு ஒரு விதமாகவும் லூக்கா வேறு விதமாகவும் எழுதியிருப்பதைச் சொல்லப் 'பாடபேதம்' இருக்கிறதே. புதிய சொல் எதற்கு?

நியாயமான கேள்வி. பாடபேதம் நல்ல சொல்தான், ஆனால் அதற்கு ஏற்கெனவே வேறொரு வேலை இருக்கிறது. ஒரே நூலின் ஒரே வரி ஏட்டுக்கு ஏடு மாறி வந்தால் அது பாடபேதம். பரிமேலழகர் 'என்று பாடம் ஓதுவாரும் உளர்' என்று குறிக்கும்போது பேசுவது இதைத்தான். மத்தேயுவும் லூக்காவும் இரண்டு நூல்கள், இரண்டு ஆசிரியர்கள். அவர்கள் வேறு வேறாகச் சொல்வதைப் பாடபேதம் என்றால், பழியைப் படியெடுத்தவர்மேல் போட்டுவிடுகிறோம்.

இதை நான் வீணுக்குச் சொல்லவில்லை. சில மாதங்களுக்கு முன் நான் அமர்ந்திருந்த ஒரு வேதபாட வகுப்பில், இயேசுவின் சிலுவையடியில் நின்ற நூற்றுக்கு அதிபதி, அதாவது உரோமப் படைத்தலைவன், சொன்ன சொல் பேச்சுக்கு வந்தது. மாற்குவில் (15:39) அவன் 'மெய்யாகவே இந்த மனுஷன் தேவனுடைய குமாரன்' என்கிறான். லூக்காவில் (23:47) 'மெய்யாகவே இந்த மனுஷன் நீதிபரனாயிருந்தான்' என்கிறான். வகுப்பை நடத்தியவர் 'இது ஒரு பாடபேதம்' என்று சொல்லிவிட்டு அடுத்த வசனத்துக்குப் போய்விட்டார். பக்கத்தில் இருந்த மூதாட்டி என்னிடம் மெல்லக் கேட்டார்: 'அப்படியென்றால் எழுதியவர் கைப்பிழையா, ஐயா?' அவர் முகத்தில் இருந்த கலக்கம் இன்னும் என் மனத்தை விட்டு அகலவில்லை. அங்கே பிழை எதுவும் இல்லை. பிழை இருப்பதுபோலக் காட்டியது நாம் எடுத்தாண்ட சொல்.

லூக்கா 23ஆம் அதிகாரத்தை ஒரே மூச்சில் படித்துப் பாருங்கள். உரோம ஆளுநன் பிலாத்து மூன்று முறை (வசனங்கள் 4, 14, 22) இயேசுவிடத்தில் குற்றம் காணவில்லை என்கிறான். உடன் அறையப்பட்ட கள்ளரில் ஒருவன், 'இவர் தகாததொன்றையும் நடப்பிக்கவில்லை' என்கிறான். கடைசியில் உரோமப் படைத்தலைவனும் நீதிமான் என்கிறான். அந்தச் சொல், லூக்கா தொடக்கத்திலிருந்து கட்டிவந்த சுவரின் மேற்கல். மாற்குவோ தன் நூலின் முதல் வரியிலேயே தேவகுமாரன் என்று தொடங்கியவர். அந்த அறிக்கை ஒரு மனிதனின் வாயிலிருந்து சிலுவையடியில் வருவதற்காக அவர் காத்திருக்கிறார். இந்த வேறுபாட்டைத் துடைத்துவிட்டால் இரண்டு நூல்களுமே ஊமையாகிவிடும்.

அதனால்தான் கூற்று வேறுபாடு என்ற சொல்லை முன்வைக்கிறேன். அகப்பாட்டு படித்தவர்களுக்குக் 'கூற்று' புதிதல்ல: தலைவி கூற்று, தோழி கூற்று, செவிலி கூற்று. ஒரே பிரிவைத் தலைவி ஒரு விதமாகச் சொல்கிறாள், தோழி ஒரு விதமாகச் சொல்கிறாள். இதில் எது சரியான பாடம் என்று யாரும் கேட்பதில்லை. யார் சொல்கிறார், எந்த நிலையிலிருந்து சொல்கிறார் என்றே கேட்கிறோம். நற்செய்தி நூல்களிடமும் முதலில் கேட்க வேண்டிய கேள்வி அதுதான்.

> கூற்று என்றால் எமன் என்றும் பொருள் உண்டே.

உண்டு. ஆனால் நேர்கூற்று, அயற்கூற்று என்று பள்ளியில் படித்த எவரும் அங்கே எமனை நினைத்ததில்லை. 'வேறுபாடு' என்ற அடுத்த சொல் வந்ததும் பொருள் தெளிந்துவிடும்.

'இணைவசன வேறுபாடு' என்ற மாற்றுச்சொல்லைப் பலர் ஆதரித்தீர்கள். எனக்கு அதில் ஒரு குறை தெரிகிறது. வேறுபாடு எங்கே இருக்கிறது என்று அது சொல்கிறது, எப்படி வந்தது என்று சொல்லவில்லை. மலைப்பிரசங்கத்தின் முதல் வாக்கியத்தைப் பழைய மொழிபெயர்ப்பில் பாருங்கள். மத்தேயு 5:3இல் 'ஆவியில் எளிமையுள்ளவர்கள்', லூக்கா 6:20இல் 'தரித்திரராகிய நீங்கள்'. எளிமை வேறு, தரித்திரம் வேறு என்று இதை வைத்தே பிரசங்கம் செய்யக் கேட்டிருக்கிறேன். கிரேக்கத்திலோ இரண்டு இடத்திலும் ஒரே சொல், ப்தோகோய்: ஒன்றுமில்லாத ஏழைகள். எளிமை, தரித்திரம் என்ற பிரிவு தமிழில் பெயர்த்தவர்கள் செய்தது. 'ஆவியில்' என்பது மத்தேயுவில் மட்டும் இருப்பதும், அவர் 'அவர்களுடையது' என்னும் இடத்தில் லூக்கா நேரே முகம் பார்த்து 'உங்களுடையது' என்பதுமே கூற்று வேறுபாடு. 1995இல் வந்த திருவிவிலியம் 'ஏழையரின் உள்ளத்தோர்', 'ஏழைகளே' என்று இரண்டிலும் ஏழையை வைத்திருப்பதால் இந்தக் குழப்பம் அங்கே எழவில்லை. எளிமை, தரித்திரம் என்ற அந்தப் பிரிவைப் பெயர்ப்பு வேறுபாடு என்று தனியே குறிப்போம். ஒரே வசனத்தில் இரண்டும் கலந்து கிடப்பதால் இரண்டு பெயர்களும் வேண்டும்.

ஏட்டில் நேர்ந்த வேறுபாட்டுக்குப் பாடபேதம் அல்லது பாட வேறுபாடு அப்படியே இருக்கட்டும். ஆனால் அதற்குள்ளேயே ஒரு வகைக்குத் தனிப்பெயர் தேவைப்படுகிறது. இயேசு கற்பித்த செபம் லூக்கா 11:2இல், வத்திக்கான் கையெழுத்துப்படி என்னும் பழைய கிரேக்கப் படியில், 'தந்தையே' என்று மட்டுமே தொடங்குகிறது. பிற்காலப் படிகள் பலவற்றில் 'பரமண்டலங்களிலிருக்கிற எங்கள் பிதாவே' என்று மத்தேயுவின் தொடக்கம் வந்து சேர்ந்துவிட்டது. மத்தேயுவின் செபத்தை நாள்தோறும் சொல்லிப் பழகிய கை, லூக்காவை எழுதும்போதும் அதையே எழுதியிருக்கிறது. ஒன்றை மற்றொன்றுக்கு ஒப்பாக்குவதால் இதை ஒப்பாக்கம் என்கிறேன். இதற்கு 'ஒத்திசைவு' என்ற சொல் வேண்டாம், இசைக்கு அது போதிய வேலை செய்கிறது. மேலும் இரண்டாம் நூற்றாண்டில் தாத்தியான் நான்கு நற்செய்திகளையும் அறிந்தே ஒரு தொடராகப் பின்னியதற்கு அது பொருந்தக்கூடும். படியெடுத்தவர் அறியாமலே செய்ததற்குப் பொருந்தாது.

எல்லா இடமும் இப்படிப் பிரிந்து கொடுக்காது என்பதையும் சொல்ல வேண்டும். தாவீது மக்களைத் தொகையிட்ட கதையில், அவனை ஏவியது 2 சாமுவேல் 24:1இல் கர்த்தருடைய கோபம், 1 நாளாகமம் 21:1இல் சாத்தான். இது ஐயமின்றிக் கூற்று வேறுபாடு. காலம் மாறியது, தீமையின் மூலத்தைப் பற்றிய பேச்சும் மாறியது. ஆனால் அதே கதையில் தண்டனையாகச் சொல்லப்படும் பஞ்சம் சாமுவேலின் எபிரேயப் பாடத்தில் ஏழு ஆண்டு, நாளாகமத்தில் மூன்று ஆண்டு. சாமுவேலின் பழைய கிரேக்க மொழிபெயர்ப்பிலும் மூன்று. மூன்றுதான் மூலப்பாடமா, ஏழு எபிரேயத்தில் பின்னால் புகுந்ததா, அல்லது கிரேக்கம் நாளாகமத்தைப் பார்த்து ஒப்பாக்கிக்கொண்டதா? அறிஞர்கள் வாதிடட்டும். வாதிடுவதற்குத்தான் பாடபேதம், கூற்று வேறுபாடு, ஒப்பாக்கம் என மூன்று தனிச்சொற்கள் வேண்டும். எல்லாவற்றையும் ஒரே பெயரால் அழைத்தால் கேள்வியே எழாது.

ஒத்த வசனங்களைச் சேர்த்துக் குறிக்கும் சொல்லை நாம் தேட வேண்டியதில்லை. உ.வே.சா. குறுந்தொகைப் பதிப்பில் 'ஒப்புமைப் பகுதி' என்று வைத்திருக்கிறார், அதையே எடுத்துக்கொள்வோம்.

சொல்லடைவில் சேர்ப்பதற்கு என் வரைவு இது: 'கூற்று வேறுபாடு: ஒப்புமைப் பகுதிகளில் நூலாசிரியர்களின் நோக்காலும் சொல்முறையாலும் அமைந்த வேறுபாடு, ஏட்டு வழக்காலோ மொழிபெயர்ப்பாலோ வந்தது அன்று.' 'நோக்கால்' என்பது ஆசிரியரின் உள்ளத்தை நாம் முழுதும் அறிந்ததுபோல ஒலிக்கிறதோ என்று எனக்கே ஐயம். அதை நீக்கிச் 'சொல்முறையால்' மட்டும் போதுமா என்று கிரேக்கம் அறிந்த நண்பர்கள் எழுதுங்கள்.