எங்கள் வயலை விற்க வைத்தது தண்ணீர்

வீட்டு மனைக்காக வயலைக் கொடுத்தவர்கள் தங்கள் அனுபவத்தை எழுதலாம் என்று இங்கே கேட்டிருந்ததால் எழுதுகிறேன். எங்கள் ஐந்து ஏக்கர் பர்மாவில், ரங்கூனுக்கு ஆற்றின் மறுகரையில், சிரியம் பக்கம் இருந்தது. இப்போது தன்லின் என்கிறார்கள்.

ஆடியில் நடவு, கார்த்திகை கடைசியில் அறுப்பு. அறுத்த ஈரம் காய்வதற்குள் உளுந்து விதைத்துவிடுவோம். அதற்குத் தண்ணீர் பாய்ச்ச வேண்டியதே இல்லை; மண்ணின் ஈரமும் பனியும் போதும். மாசியில் செடியைப் பிடுங்கிக் களத்தில் அடித்தால் மூட்டைகள் ரங்கூன் தரகர் வழியாகக் கப்பலேறி இந்தியாவுக்குப் போகும். நெல் கடனை அடைத்தது, உளுந்து எங்களைப் படிக்க வைத்தது.

1993இல் ரங்கூனுக்குப் போக ஆற்றுப் பாலம் திறந்தபோதே ஊர் மாறத் தொடங்கியது. 2012 விவசாய நிலச் சட்டம் வந்து, ஏழாம் எண் படிவம் என்கிற நில உரிமைச் சான்று கைக்குக் கிடைத்ததும் நிலத்தை விற்கவும் அடகு வைக்கவும் வழி பிறந்தது. வயலில் வீடு கட்டத் தனி அனுமதி வேண்டும் என்று அதே சட்டம் சொல்கிறது. அதையெல்லாம் யாரும் கேட்கவில்லை. பக்கத்தில் திலாவா தொழிற்பேட்டை வருகிறது என்ற பேச்சும் சேர்ந்துகொள்ள, ப்வேசாக்கள் (தரகர்கள்) வரப்பில் நின்றே கணக்குப் போட்டார்கள்: மனை நாற்பதுக்கு அறுபது அடி, ஏக்கருக்கு 18, பாதைக்குக் கொஞ்சம் கழித்துக்கொள்ளலாம்.

அப்பா மறுத்துவிட்டார். மேற்கே இருந்தவர் விற்றார். வாங்கியவர்கள் லாரி லாரியாகச் செம்மண் கொட்டி இடுப்பளவு மேடாக்கினார்கள். எங்கள் மழைத்தண்ணீர் அந்த வயலின் மடை வழியாகத்தான் ஓடைக்கு வடியும். லாரி ஓட்டி வந்தவன் எங்கள் ஊர்ப் பையன். "தம்பி, மடையை மூடாதே, எங்கள் தண்ணீர் எங்கே போகும்?" என்று கேட்டேன். "அண்ணே, கொட்டச் சொன்ன இடத்தில் கொட்டுகிறேன்" என்றான். என் முகத்தை அவன் பார்க்கவில்லை. அவன்மேல் எனக்குக் கோபம் இல்லை. அவன் வீட்டு வயலும் போனதுதான்.

அந்த ஆடியில் நட்டுப் பத்து நாள்கூட ஆகாத பயிர் தண்ணீருக்குள் நின்றது. குனிந்து ஒரு நாற்றைத் தொட்டேன். வேர் மண்ணிலேயே தங்கிவிட, தாள் மட்டும் கொழகொழவென்று கையோடு வந்தது. மறுபடி நாற்று வாங்கி நட்டோம், அதுவும் அழுகியது. அலுவலகத்தில் மனு கொடுத்தோம், பார்க்கிறோம் என்றார்கள். அடுத்த ஆண்டும் அதே கதைதான். மூன்றாம் ஆண்டு அப்பா கையெழுத்துப் போட்டார். விரும்பி விற்றார் என்று ஊரில் சொல்கிறார்கள். அது பொய்.

பக்கத்து நிலத்தில் மண் கொட்டப் போகிறார்கள் என்று தெரிந்தால், முதல் லாரி வருவதற்கு முன்பே வடிகாலைப் பற்றி எழுத்தில் வாங்கிவிடுங்கள். நாங்கள் வாய்ப்பேச்சை நம்பினோம்.

போன மழைக்காலத்தில் அங்கே வீடு கட்டியவர் வாசலில் முழங்கால் அளவு தண்ணீர். அப்பா குடையோடு போய், பழைய மடை இருந்த இடத்தைக் காலால் தொட்டுக் காட்டிவிட்டு வந்தார்.