சீகைத் தோப்பில் சருகு நிறைய, ஆனால் மண் கார்பன் கூடவில்லை. ஏன்?

மலைமண்:
நீலகிரியில் சுமார் 2,000 மீட்டர் உயரம். இயற்கைப் புல்வெளி, அதை ஒட்டியே பழைய சீகை (வாட்டில் மரம்) தோப்பு. இரண்டிலும் 0–30 செ.மீ. மண் எடுத்தோம். தோப்பில் கால் புதையும் அளவுக்குச் சருகு. வாக்லி-பிளாக் முறையில் (டைகுரோமேட் அமிலக் கரைசலால் மண் கார்பனை ஆக்சிஜனேற்றி அளப்பது) கார்பன் புல்வெளியில் 5%, தோப்பில் 4%. மண் அடர்த்தி முறையே கன செ.மீ.க்கு 0.8, 1.0 கிராம். கல் இல்லை. பெருக்கினால் இரண்டுமே எக்டருக்கு 120 டன். மரம் வளர்ந்தும் மண்ணில் ஏன் கூடவில்லை?

கருங்களி:
கூடவில்லை என்பது மட்டுமல்ல, உங்கள் தோப்பில் குறைந்தே இருக்கிறது. ஒரே ஆழம் எடுத்ததால் அது தெரியவில்லை.

புல்வெளியில் 30 செ.மீ. என்றால் எக்டருக்கு 2,400 டன் மண். தோப்பில் மண் இறுகிவிட்டதால் அதே 30 செ.மீ.யில் 3,000 டன் வந்துவிடுகிறது. 600 டன் கூடுதல் மண்ணை அள்ளிவிட்டு ஒப்பிடுகிறீர்கள். தோப்பிலும் 2,400 டன் மட்டும் எடுத்தால் அது 24 செ.மீ. ஆழம், கார்பன் 96 டன்தான். மேல்மண்ணில் சதவீதம் கூடுதலாக இருக்குமென்பதால் உண்மை எண் 96-ஐவிடச் சற்று மேலே நிற்கும். அடுத்த முறை 10 செ.மீ. அடுக்குகளாக 40 செ.மீ. வரை எடுங்கள், ஒவ்வோர் அடுக்கையும் 105 பாகையில் உலர்த்தி எடை போட்டால் சம எடைக் கணக்கு எளிது.

எடை 0.5 கிராம் எடுத்திருப்பீர்கள். 1 கிராமுக்கு 10 மி.லி. டைகுரோமேட் போட்டால், (முறை பிடிக்காமல் விடும் கார்பனை ஈடுகட்டும்) 1.3 காரணியோடு சேர்த்தும் 3.9%க்கு மேல் காட்டவே காட்டாது. இந்த மலை மண்ணுக்கு 0.25 கிராமே பாதுகாப்பு. டைட்ரேஷனுக்கு முன்பே கரைசல் பச்சையாகிவிட்டால் அந்த அளவீட்டைத் தூக்கிப் போட்டுவிட்டு எடையைக் குறைத்து மறுபடி செய்யுங்கள். புல்வெளித் தீயில் விழுந்த கரித்துகளையும் இந்த முறை பெரும்பாலும் பிடிக்காது.

வேர்முடிச்சு:
அளவீட்டைச் சரியாகச் சொல்லிவிட்டார். காரணத்தை நான் சேர்க்கிறேன்.

சருகு வேறு, மண் கார்பன் வேறு. மேலே கிடக்கும் சருகில் பெரும்பங்கை நுண்ணுயிர்கள் தின்று கரியமில வாயுவாக வெளியே விடுகின்றன. எது கனிமத்தோடு ஒட்டிக்கொள்கிறதோ அதுதான் நூற்றாண்டுக் கணக்கில் தங்கும். நீலகிரி உச்சியில் பெருமழை சிலிக்காவையும் சுண்ணச்சத்தையும் கழுவிக்கொண்டுபோய் அலுமினியத்தையும் இரும்பையும் விட்டுவைத்திருக்கிறது. மட்கு அந்த அலுமினியத்தோடு பிணைந்துகொள்கிறது. குளிரும் சிதைவைத் தாமதப்படுத்துகிறது. மண்ணின் கருமைக்கும் 0.9க்குக் கீழான அடர்த்திக்கும் இதுவே காரணம்.

புல் தன் கார்பனை வேராக மண்ணுக்குள்ளேயே விட்டுச் சாகிறது; கனிமம் பக்கத்திலேயே இருக்கிறது. சீகைச் சருகு மேலே கிடந்தே கரைகிறது. நடும்போது குழிவெட்டிப் புரட்டிய மண்ணில் பழைய மட்கும் காற்றுப்பட்டுச் சிதைந்திருக்கும். ‘மரம் நட்டால் மண் கார்பன் ஏறும்’ என்று இங்கே பொதுவாகச் சொல்வது தவறு, அதை எதிர்த்தே ஆக வேண்டும்.

மலைமண்:
இரண்டு பேருக்கும் நன்றி. தோப்பு மண்ணில் எவ்வளவு பழைய புல் கார்பன், எவ்வளவு புதியது என்று பிரித்துப் பார்க்க வழி உண்டா?

வேர்முடிச்சு:
உண்டு. கார்பன்-13 (கார்பனின் கனமான ஐசோடோப்பு) விகிதம் பாருங்கள்; அதை ஆயிரத்துக்கு இவ்வளவு என்று சொல்வார்கள். ஒளிச்சேர்க்கை வழி வேறுபடுவதால் சி4 வகைப் புல் −13 அருகிலும், சி3 வகையான மரம் −27 அருகிலும் இருக்கும். ஆனால் உயரத்தில் சி3 புற்களும் கலந்திருப்பதால் புத்தக எண்ணை எடுக்காதீர்கள்; பக்கத்துப் புல்வெளி மண்ணையே அடிப்படையாக வையுங்கள். உதாரணத்துக்குப் புல்வெளி −15, சீகைச் சருகு −28, தோப்பு மண் −19 என்றால், 4-ஐ 13ஆல் வகுக்க, சுமார் 31% மரத்திலிருந்து வந்தது. மீதி புல்வெளி விட்டுச்சென்றது. ஒவ்வோர் அடுக்குக்கும் தனித்தனியாகச் செய்யுங்கள். ஆழத்தில் இந்த எண் தானாகவே 1 முதல் 3 வரை ஏறும், அதைப் புல்லின் கணக்கில் சேர்த்துவிடக் கூடாது.